அருங்காட்சியகத்தில் முனைவர் பட்டம்: சேருமுன் யாரும் சொல்லாதவை

பிரிட்டனில் ஓர் அருங்காட்சியகமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து, ரோமானியச் சலவைக்கல் சிலைகளை ஆராய்ந்து, சில மாதங்களுக்கு முன்புதான் பட்டம் வாங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கம் வரலாறு படித்துவிட்டு இந்தத் துறைக்குள் போனவள் நான். விண்ணப்பித்த காலத்தில் விவரம் கேட்க எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, இப்படி ஒரு விளம்பரம் பார்த்தேன், போடலாமா?" தாராளமாகப் போடலாம். ஆனால் விளம்பரத்தில் எழுதாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததால் எனக்கு ஓராண்டுக்கு மேல் காலம் போயிற்று, வீட்டுச் சேமிப்பில் ஒரு பகுதியும் கரைந்தது. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான முனைவர் பட்டத்தில் தலைப்பு உங்களுடையது. இங்கே பெரும்பாலும் தலைப்பை அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் முன்னதாகவே பேசி முடித்து, அதற்குப் பொருத்தமான ஆளைத் தேடுகின்றன. பல்கலைக்கழகத்தில் ஒரு நெறியாளர், அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் ஒருவர் என இரண்டு பேர் வழிநடத்துவார்கள். பணம் பெரும்பாலும் பிரிட்டனின் கலை, மனிதப்பண்பியல் ஆய்வு மன்றத்திலிருந்து (AHRC) வரும். 2021 முதல் அந்த உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கதவு திறந்த உடனே உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி.

உதவித்தொகை கிடைத்துவிட்டது, இனிப் பணக்கவலை இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். விசாவுக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் அடி விழுந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைக்காக வெளிநாட்டவர் கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணத்தைப் படிப்புக்காலம் முழுமைக்கும் கணக்கிட்டு ஒரே தடவையில் கட்ட வேண்டும். நான் போனபோது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 470 பவுண்டு. நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். என் உதவித்தொகை அதை ஏற்கவில்லை. அப்பா வைப்புத்தொகையை உடைத்துத்தான் கட்டினார். 2024 பிப்ரவரியிலிருந்து அது ஆண்டுக்கு 776 பவுண்டாக உயர்ந்துவிட்டது. நான்கு ஆண்டுக்கு மூவாயிரம் பவுண்டைத் தாண்டும். உதவித்தொகைக் கடிதம் வந்த அன்றே, விசாக் கட்டணம், மருத்துவக் கட்டணம், பயணச்செலவு ஆகிய மூன்றையும் யார் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்களில் தனி நிதி இருக்கும், கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

என் தலைப்பு கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மார்பளவுச் சிலைகள். பேரரசர்கள் அல்லர், பெயர் தெரியாத சாதாரணச் செல்வந்தர்கள். இவற்றின் காலத்தைக் கணிக்க அழகான வழிமுறைகள் இருக்கின்றன. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் ஆட்சிக்கு (117–138) வந்தபிறகு ஆண்கள் தாடி வளர்ப்பது நாகரிகமானது. ஏறத்தாழ 130 முதல் சிற்பிகள் கண்பாவையைத் துளைத்தும் கருவிழியைக் கோடாகக் கீறியும் காட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் அதை வண்ணத்தால் தீட்டினார்கள். மார்புப் பகுதியின் அளவும் கூடிக்கொண்டே வந்தது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கழுத்தெலும்போடு நின்ற சிலை, ஹேட்ரியன் காலத்தில் தோளையும் மேற்கையின் தொடக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. இதையெல்லாம் படித்துவிட்டு, தாடி, கண், மார்பு மூன்றையும் வைத்துத் தேதி குறிக்கும் பெரிய அட்டவணை ஒன்றோடு நான் தயாராக இருந்தேன்.

அந்த அட்டவணையில் பாதியை ஒரே பிற்பகலில் கிழித்துப்போட வேண்டியதாயிற்று. சிலைகளைப் பாதுகாக்கும் பிரிவில் ஒரு பெண் சிலையைப் புற ஊதா விளக்கில் காட்டினார்கள். அறையை இருட்டாக்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விளக்கை நெற்றியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார் அந்த நிபுணர். நெற்றியும் கன்னமும் திட்டுத்திட்டாக மங்கிய மஞ்சள் வெண்மையில் ஒளிர்ந்தன. மூக்கின் மேல் விளக்கு வந்ததும் அது பளிச்சென்று ஊதா நிறத்தில் தனியாகத் தெரிந்தது. இடது காதும் ஊதா. கழுத்தின் நடுவில் ஒரு கோடு. அதற்குக் கீழே மார்பு, மடிப்பு மடிப்பான ஆடை, பீடம் எல்லாமே ஊதா. பல நூற்றாண்டு மண்ணிலும் காற்றிலும் கிடந்த சலவைக்கல்லின் மேற்பரப்பு மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் செதுக்கிய கல் ஊதாவாக ஒளிரும். அந்த மார்பு ரோமாபுரியில் 1770களில் ஏதோ ஒரு பட்டறையில் செய்தது. மார்பின் அளவை வைத்து அந்தப் பெண்ணுக்கு நான் குறித்திருந்த தேதிக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற ஊதா விளக்கு இறுதித் தீர்ப்பு அல்ல. 18ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளில் பழைய சிலைகளையும் அமிலம் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கினார்கள். அப்படிச் செய்த பழைய கல்லும் புதிய கல்லைப் போல ஒளிரும். இணைப்பு, கல்லின் துகளமைப்பு, உளித்தடம், ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இது என் சிலைகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரோமானியச் சிற்பங்களில் முக்கியமான பகுதி சார்லஸ் டவுன்லி என்ற செல்வந்தர் சேர்த்தது. அவர் இறந்த 1805-ஆம் ஆண்டிலேயே 20,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் உள்ள வட்டெறிபவன் சிலை 1791-இல் டிவோலியில் ஹேட்ரியனின் மாளிகைப் பகுதியில் கிடைத்தது. அதன் தலை அந்த உடலுக்கு உரியதே அல்ல. இது ஒரு கிரேக்கச் சிலையின் பிரதி; அந்த மூலச் சிலையில் தலை திரும்பி வட்டைப் பார்த்திருக்க வேண்டும். ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றில் 1781-இல் கிடைத்த பிரதி அப்படித்தான் இருக்கிறது. டவுன்லியின் சிலையோ தரையைப் பார்க்கிறது. லிவர்பூல் அருகே ஹென்றி ப்ளண்டெல் சேர்த்த தொகுப்பில், ஆண்பெண் இரு கூறும் கொண்ட ஹெர்மாஃப்ரோடைட்டஸ் உறங்கும் சிலை ஒன்று இருந்தது. அவர் காலத்து ரசனைக்கு ஒவ்வாததால் வெட்டித் திருத்தி, உறங்கும் வீனஸாக மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் உடைந்த சிலைக்கு விலை இல்லை. மூக்கில்லாத முகத்தை எந்தப் பிரபுவும் வரவேற்பறையில் வைக்கமாட்டார். அதனால் கவசெப்பி, அல்பசீனி போன்ற தேர்ந்த சிற்பிகள் இந்த ஒட்டுவேலையையே பெரிய தொழிலாக நடத்தினார்கள். பிரிட்டனின் பழைய தொகுப்புகளில் உள்ள சிலையைத் தொடும் எவரும் ரோமானியக் காலம், 18ஆம் நூற்றாண்டு ஆகிய இரண்டு காலங்களின் சிற்பிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தலைப்பு 'ரோமானியச் சிலை' என்று இருந்தாலும் 18ஆம் நூற்றாண்டு வணிக வரலாற்றுக்கு முதல் ஆண்டிலேயே நேரம் ஒதுக்குங்கள்.

ஒட்டுவேலையை வெறுக்கும் மனநிலை எனக்கு முதலில் இருந்தது. பிறகு மாறிவிட்டது. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் லேன்ஸ்டவுன் ஹெர்குலிஸ் சிலையிலிருந்து 1970களில் பிற்கால ஒட்டுகளை நீக்கினார்கள். 1990களில் அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பொருத்தினார்கள். அந்த ஒட்டுகளும் சிலையின் வரலாறுதான் என்ற கருத்து அதற்குள் வலுத்திருந்தது. என் ஆய்வேட்டின் நடுப்பகுதி கடைசியில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்தது.

இனி, என்னை உண்மையில் உடைத்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே காவலராக இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என்னோடு தமிழில் பேசுவார். அன்று அருகில் வந்து, "பிள்ளை, இந்த மண்டபத்தை மூடப்போகிறார்களே, உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். "எப்போது ஐயா?" என்றேன். "கூரை வேலை. பொங்கலுக்கு முன் எல்லாச் சிலையும் இறங்கிவிடும்." எனக்குக் கை கால் ஓடவில்லை. காப்பாட்சியரிடம் போய்க் கேட்டேன். உண்மைதான். கட்டடப் பிரிவு எடுத்த முடிவு; ஆய்வு மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே தாமதமாகத்தான் தெரியவந்தது. ஆனால் நான் அளந்து, படமெடுத்து முடிக்காத சிலைகள் பெட்டிக்குள் போய், ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் அடுக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேல் ஒன்றைக்கூட நான் பார்க்க முடியவில்லை.

கிடங்கில் போய்ப் பார்க்கலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சலவைக்கல் ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் எடை. ஒரு மார்பளவுச் சிலையைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கே பயிற்சி பெற்ற ஆட்களும் தூக்குக் கருவியும் வேண்டும். அந்த ஆட்கள் கண்காட்சி வேலைகளுக்கு மாதக்கணக்கில் முன்பதிவாகி இருப்பார்கள். அடுக்கில் பின்வரிசையில் இருக்கும் பெட்டியை எடுக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஒரு மாணவிக்காக அதைச் செய்யமாட்டார்கள். செய்யச் சொல்வதும் நியாயம் இல்லை. படிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாமா என்று விசாரித்தேன். நிறுத்தினால் மாணவர் விசாவே ஆட்டம் கண்டுவிடும் என்றார்கள். உதவித்தொகையின் மாதங்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. அம்மா தொலைபேசியில், "சிலையைப் பார்க்கக்கூட விடமாட்டார்கள் என்றால் அங்கே எதற்கடி இருக்கிறாய்? வந்துவிடு" என்றாள். வந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. சக மாணவர்கள் நல்லவர்கள். ஆனால் திரும்பிப் போனால் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தை அவர்களிடம் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே நேர்காணலிலேயே கேளுங்கள்: என் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சிலையும் இப்போது எங்கே இருக்கிறது? அடுத்த நான்கு ஆண்டில் அந்தக் கூடத்தில் கட்டட வேலை, மறுசீரமைப்பு, வெளியூர்க் கண்காட்சிக்கு இரவல் ஏதும் இருக்கிறதா? கிடங்கில் இருப்பதைப் பார்க்க எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்? இப்படிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அனுபவமுள்ள காப்பாட்சியர் இந்தக் கேள்விகளைக் கேட்பவரைத்தான் விரும்புவார். சேர்ந்தவுடன் முதல் ஆறு மாதத்தில், வாசிப்பு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாச் சிலைகளையும் நான்கு பக்கமும் பின்புறமும் படமெடுத்து அளந்துவிடுங்கள். குறிப்பாகப் பின்புறம். சுவரை ஒட்டி நிற்கும் சிலையின் முதுகும், பீடத்தோடு இணையும் இடமும், ஒட்டுக்கோடுகளும் பிற்காலத்தில் எந்தப் பழைய படத்திலும் கிடைக்காது. காவலர்களிடமும் சிலை நகர்த்தும் ஆட்களிடமும் பேசிப் பழகுங்கள். கட்டடத்தில் நடக்கப்போவது முதலில் அவர்களுக்குத்தான் தெரிகிறது.

என்னைக் கரையேற்றியவை காகிதங்கள். சிலைகள் கிடங்கில் இருந்தபோது அவற்றின் ஆவணங்கள் மட்டும் வாசிப்பறையில் கிடைத்தன. பழைய பதிவேடுகள், ஏலப் பட்டியல்கள், ரோமாபுரியிலிருந்து வணிகர்கள் எழுதிய கடிதங்கள், கப்பலில் ஏற்றிய பெட்டிகளின் பட்டியல். டவுன்லி தொகுப்பில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வரம். அவருடைய கடிதங்களையும் கணக்குகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1992-இல் வாங்கிவைத்திருக்கிறது. தாமஸ் ஜென்கின்ஸ், கேவின் ஹேமில்டன் போன்ற வணிகர்கள் என்ன விலைக்கு எதை விற்றார்கள், எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்பது அங்கே தெரியும். மற்ற தனியார் தொகுப்புகளுக்கு, பிரிட்டனின் மாளிகைகளை நேரில் சுற்றிப் பார்த்து அடோல்ஃப் மிக்காயெலிஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் முதல் படி. 1917-இல் ஹோப் தொகுப்பும் 1930-இல் லேன்ஸ்டவுன் தொகுப்பும் ஏலத்தில் சிதறுவதற்கு முன் எது எங்கே இருந்தது என்று அதில் பார்க்கலாம். என் பெண் சிலையின் மார்பு எப்போது சேர்ந்தது என்பதை உறுதிசெய்தது விளக்கு அல்ல, ஒரு பட்டறையின் கூலிக்கணக்கு. தலைக்குத் தனி வரி, 'புதிய மார்பு' என்று தனி வரி. அதை வாசித்த அன்று முழுவதும் என்னால் உட்கார முடியவில்லை. நூலகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அந்தக் கணக்கு இத்தாலிய மொழியில் இருந்தது. மொழியைப் பற்றி விளம்பரங்கள் 'விரும்பத்தக்கது' என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடும். ரோமானிய உருவச் சிலைகளைப் பொறுத்தவரை ஜெர்மன் கட்டாயம். ரோமாபுரியின் கேபிடோலின் அருங்காட்சியக உருவச் சிலைகளுக்கு ஃபிட்சென், ட்ஸாங்கர் இருவரும் தொகுத்த அடிப்படைப் பட்டியலே ஜெர்மனில்தான் இருக்கிறது. நெற்றிமுடியின் சுருள்களை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த மூலத்தின் பிரதி என்று கண்டுபிடிக்கும் முறையும் அந்த மரபில் வளர்ந்ததுதான். பள்ளியிலேயே லத்தீன் படித்தவர்களோடு நாம் போட்டியிட வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டில் வாசிக்கும் அளவுக்கு ஜெர்மன், இரண்டாம் ஆண்டில் இத்தாலியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிய வேண்டியதில்லை, அகராதியோடு ஒரு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் கடக்க முடிந்தால் போதும். வகுப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே தருமா என்று கேட்டுப் பாருங்கள்.

ரோமாபுரிப் பயணம் தனித் துன்பம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு பிரிட்டன் விசா இத்தாலிக்குச் செல்லாது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும். கட்டணம் அப்போது 80 யூரோ, இப்போது 90. கட்டணம் கூடச் சிறிய விஷயம். விண்ணப்பம் கொடுக்கும் நாள் கிடைப்பதுதான் பாடு. 2022, 2023 கோடைகளில் லண்டனில் நாள் கிடைக்காமல் நாங்கள் எல்லோரும் நள்ளிரவில் கணினி முன் உட்கார்ந்திருந்தோம். ஒரு முறை கடவுச்சீட்டு விமான நாளுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. பயணச்சீட்டும் அறை முன்பணமும் போய்விட்டன. ஏறத்தாழ ஒரு மாத வாடகை. ரத்து செய்யக்கூடிய முன்பதிவு கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். பிரிட்டனை விட்டு ஆய்வுக்காக வெளியே போவதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். விசா விஷயத்தில் அந்த ஒரு மின்னஞ்சல் காப்பாற்றும்.

போய்ச் சேர்ந்தபின் பலாட்ஸோ ஆல்டெம்ப்ஸ் அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். லுடோவிசி குடும்பத்தின் சிலைகள் அங்கே இருக்கின்றன. எந்தப் பகுதி பழையது, எது பிற்கால ஒட்டு என்பதை விளக்கப் பலகையில் வரைபடமாகவே காட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் போர்க்கடவுள் ஏரெஸின் சிலைக்கு 1622-இல் சிற்பி பெர்னினி செய்த ஒட்டுகளைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கண் தானாகப் பழகிவிடும். பிறகு ஓஸ்தியென்ஸே சாலையில் பழைய மின்நிலையத்துக்குள் இருக்கும் மொன்டெமார்ட்டினி அருங்காட்சியகம். அங்கே கூட்டம் குறைவு, சிலைகளை அருகில் நின்று பார்க்கலாம்.

கல்லின் ஊர் எது என்பதையும் கண்டுபிடிக்க ஆசைப்பட்டேன். இத்தாலியின் கராராவா, கிரேக்கத் தீவான பரோஸா, துருக்கிப் பக்கமா என்று கல்லில் உள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வைத்துச் சொல்லலாம். அதற்குச் சில மில்லிகிராம் தூள் போதும். ஆனால் சிலையிலிருந்து எடுக்க வேண்டும், அனுமதி கிடைக்கவில்லை. இதில் அருங்காட்சியகத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஒவ்வொரு மாணவரும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டினால் என்ன மிஞ்சும்? தொடாமல் செய்யக்கூடியதைக் கேட்டால் அநேகமாகக் கிடைக்கும். எகிப்திய நீலம் என்ற பழைய வண்ணத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதற்கேற்ற கேமராவில் படமெடுத்தால், வெறும் வெள்ளையாகத் தெரியும் சிலையில் நீலம் இருந்த இடம் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். கூடம் திரும்பத் திறந்ததும் என் சிலைகளில் ஒன்றில் இதைச் செய்தோம். ஆடையின் ஓரத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

கடைசித் தலைவலி படங்கள். ஆய்வேட்டுக்குள் போடும் படத்துக்கு ஒரு விதி, அதே ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையச் சேமிப்பில் எல்லோருக்கும் திறக்கும்போது வேறு விதி, பின்னால் நூலாக வெளியிடும்போது இன்னொரு விதி. இத்தாலியில் கலாசார அமைச்சகம் 2023-இல் படங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் விதித்து, ஆய்வாளர்கள் எதிர்த்த பிறகு 2024-இல் கல்வி வெளியீடுகளுக்குத் தளர்த்தியது. அந்த இடைக்காலத்தில்தான் நான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். ஒப்பீட்டுக்கு ஒரே வகைச் சிலைகள் பல இடங்களில் இருந்தால், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பதையோ கெட்டியில் இருப்பதையோ தேர்ந்தெடுங்கள். இரண்டும் பெருமளவு படங்களை விலையின்றி, கட்டுப்பாடின்றித் திறந்துவைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்குக் கிடைக்கும். பழைய படங்களுக்கு ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனமும் கொலோன் பல்கலைக்கழகமும் நடத்தும் அராக்னே தளத்தைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எங்கிருந்து, என்ன நிபந்தனையில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்ற அட்டவணையை முதல் நாளிலிருந்தே எழுதிவாருங்கள். சமர்ப்பிக்கும்போது படங்களோடு ஒரு பிரதி, அனுமதி இல்லாத படங்களை நீக்கி இணையத்துக்கு ஒரு பிரதி என இரண்டாகக் கொடுக்கலாம். பல பல்கலைக்கழகங்கள் இதை ஏற்கின்றன. அதற்கான படிவத்தை வாய்மொழித் தேர்வுக்கு முன்பே நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.